பார்ட்டோக்கின் இசைக்குள் இருக்கும் கிராமத்துப் பாட்டு

ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்ட்டோக்கின் நான்காம் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டை (இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோவுக்கான படைப்பு) எந்த முன்னறிமுகமும் இல்லாமல் கேட்கத் தொடங்கும் பலர் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலித்து மோதுகின்றன. தாண்டிக் கேட்டால், பின்னால் கம்பி பலகையில் அடிபட்டுச் சொடுக்குகிறது. தாளம் பிடிபடுவதற்குள் மாறிவிடுகிறது. மனம்போன போக்கில் எழுதியிருக்கிறார் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பெரிய இசையமைப்பாளர்களில் இவ்வளவு கண்டிப்பான ஆதாரத்தின் மேல் எழுதியவர்கள் மிகச் சிலரே. அந்த ஆதாரம் அவர் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்து, மெழுகு உருளைகளில் பதிந்து, மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு சுரமாக எழுதி எடுத்த ஆயிரக்கணக்கான நாட்டுப்பாடல்கள். அவற்றின் இலக்கணம் கொஞ்சம் தெரிந்துவிட்டால் குவார்ட்டெட்டுகளும் திறந்துகொள்ளும்.

பார்ட்டோக் 1881 மார்ச் 25 அன்று நாஜ்செந்த்மிக்லோஷ் என்ற சிற்றூரில் பிறந்தார். அன்று அது ஹங்கேரி. இன்று ருமேனியாவில் சன்னிகொலாவ் மாரே என்ற பெயரில் இருக்கிறது. தந்தை வேளாண் பள்ளியின் தலைமை ஆசிரியர். மகனுக்கு ஏழு வயதாகும்போதே இறந்துவிட்டார். தாய் பவுலா பள்ளி ஆசிரியை. பியானோவில் மகனுக்கு முதல் குருவும் அவர்தான். வேலை கிடைத்த ஊருக்கெல்லாம் குடும்பம் இடம் மாறியது. அந்த ஊர்களில் ஒன்று இன்று உக்ரைனில் இருக்கிறது, சில ருமேனியாவில் இருக்கின்றன, கடைசியாகக் குடியேறிய பொஜோன் இன்று ஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராட்டிஸ்லாவா. ஆக, ஹங்கேரியர், ருமேனியர், ஸ்லோவாக்கியர் என்று பல மொழிக்காரர்கள் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்த உலகத்தில்தான் அவர் வளர்ந்தார். பின்னாளில் அவர் செய்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பின்னணி அமைந்திருக்க முடியாது.

1899இல் வியன்னாவில் படிக்க இடம் கிடைத்தும் அதை விட்டுப் புடாபெஸ்ட் இசைக் கழகத்தில் சேர்ந்தார். பியானோவுக்கு ஆசிரியர் இஷ்த்வான் தோமான், பியானோ மேதை லிஸ்ட்டின் நேர் மாணவர். இசையமைப்பு கற்பித்தவர் யானோஷ் கெஸ்லர், பிராம்ஸ் வழியில் நின்ற ஜெர்மானியர். 1902இல் ஜெர்மானிய இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் இசையைக் கேட்டதும் பார்ட்டோக்கின் பேனா வேகம் பிடித்தது. மறு ஆண்டு எழுதிய ‘கோஷூத்’ ஸ்ட்ராஸின் பாணியில் அமைந்த பெரிய வாத்தியக்குழுப் படைப்பு. 1848 ஹங்கேரியப் புரட்சியின் தலைவரைப் பற்றியது. அதில் ஆஸ்திரிய தேசிய கீதத்தைக் கோணலாக்கிக் காட்டியிருந்ததால் 1904 ஜனவரியில் அரங்கேறியபோது பெரும் பேச்சானது. தேசப்பற்று நிறைய இருந்தது. ஆனால் அதில் ‘ஹங்கேரிய இசை’ என்று அவர் நினைத்திருந்தது உண்மையில் கிராமத்து இசையே இல்லை.

இதை விளக்கியாக வேண்டும். அக்காலத்தில் உலகம் ஹங்கேரிய இசை என்று அறிந்திருந்தது நகரத்து உணவகங்களில் ரோமா இனத்தவரின் இசைக்குழுக்கள் வாசித்ததைத்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் படைக்கு ஆள் சேர்க்க ஆடிய வெர்புங்கோஷ் நடனத்திலிருந்து வளர்ந்த பாணி அது. பாடல்களில் பலவற்றை எழுதியவர்கள் படித்த நடுத்தர, நிலவுடைமைக் குடும்பத்தினர். லிஸ்ட்டின் ஹங்கேரிய ராப்சடிகளுக்கும் இதுதான் மூலப்பொருள். அந்த இசைக்கு அதற்கே உரிய அழகு உண்டு. ஆனால் உழவர் வீட்டில், வயலில், ஆடு மேய்க்கும் இடத்தில் பாடப்பட்டது வேறு.

அந்த வேறொன்று பார்ட்டோக்கின் காதில் விழுந்தது 1904 கோடையில். கெர்லிட்செபுஸ்தா என்ற இடத்தில் தங்கி எழுதிக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையில் லிடி டோஷா என்ற பணிப்பெண் குழந்தைக்குப் பாடிக்கொண்டிருந்தார். அவர் இன்று ருமேனியாவில் இருக்கும் திரான்சில்வேனியாவைச் சேர்ந்த செக்கெய் இனத்தவர். பார்ட்டோக் அவரை மறுபடி பாடச் சொல்லி எழுதிக்கொண்டார். மறு ஆண்டு ஸோல்தான் கொடாயைச் சந்தித்தார். கொடாய் ஏற்கெனவே நாட்டுப்பாடல்களை முறைப்படி ஆராய்ந்துகொண்டிருந்தவர். எப்படிச் சேகரிப்பது, எப்படிக் குறிப்பது என்பதைப் பார்ட்டோக் இவரிடமிருந்துதான் கற்றார். 1906இல் இருவரும் ஆளுக்குப் பத்தாக இருபது பாடல்களைப் பியானோ பின்னணியோடு வெளியிட்டார்கள். விற்பனை மந்தம். நகரத்து வாசகர்களுக்கு அந்தப் பாடல்கள் தங்களுடையவை என்றே தோன்றவில்லை.

சேகரிப்பு வேலை எப்படி நடந்தது என்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் அவருடைய காது அங்கேதான் தீட்டப்பட்டது. கருவி எடிசனின் ஃபோனோகிராஃப். கூம்பு வடிவக் குழாய்க்குள் பாடினால், அதிர்வு ஊசி வழியாகச் சுழலும் மெழுகு உருளையில் பள்ளமாகப் பதியும். ஓர் உருளையில் சில நிமிடங்கள்தான் பிடிக்கும். அதனால் முதலில் பாட்டைக் கேட்டுக் கையால் எழுதிக்கொள்வார், பிறகு ஓரிரு சரணங்களை மட்டும் பதிவார். பதிவின் தொடக்கத்தில் சுருதிக்குழலை ஊதி ஒரு சுரத்தைப் பதிந்துவிடுவது விதி. உருளையைத் திரும்ப ஓட்டும்போது வேகம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் சுருதி மாறிவிடும். அந்த ஒரு சுரம் இருந்தால் சரியான வேகத்தைத் திரும்பப் பிடிக்கலாம். பாடியவரின் பெயர், வயது, ஊர், தேதி எல்லாம் குறிக்கப்படும்.

தவறு நேர்ந்த இடங்களும் உண்டு. பாடுபவர் குழாயிலிருந்து தள்ளி நின்றால் சொல் கேட்காது. ஊசி ஒவ்வொரு முறை ஓடும்போதும் மெழுகு தேயும், எனவே திரும்பத் திரும்பக் கேட்டால் மூலமே அழியும். இயந்திரத்தைக் கண்டு பயந்து பாட மறுத்தவர்களும் இருந்தார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், பட்டணத்திலிருந்து வந்த துரைக்குப் பட்டணத்துப் பாட்டுதான் பிடிக்கும் என்று நினைத்து மக்கள் அதையே பாடிக்காட்டியது. பழைய பாட்டு வெளியே வரப் பொறுமை வேண்டும். அது பெரும்பாலும் ஊரை விட்டு அதிகம் போகாத முதிய பெண்களிடம்தான் இருந்தது.

1907இல் பியானோப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அதே கோடையில் திரான்சில்வேனியாவின் சீக் பகுதிக்குப் போனபோதுதான் பெரிய கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. அங்கிருந்த மிகப் பழைய பாடல்கள் ஐந்து சுரங்களில் அமைந்திருந்தன, அரைச்சுர இடைவெளியே இல்லாமல். நம் கணக்கில் சொன்னால் ஷட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். சுத்த தன்யாசியின் சுரவரிசை. (வரிசைதான் ஒன்று. கமகமும் பிடிப்பும் வேறு என்பதால் ராகம் ஒன்று என்று சொல்லிவிடக் கூடாது.) பாட்டின் போக்கு மேலிருந்து கீழே இறங்கும். பல பாடல்களில் முதல் இரண்டு வரிகளின் மெட்டையே ஒரு பஞ்சமம் இறக்கி அடுத்த இரண்டு வரிகளில் பாடுவார்கள். தாளக்கட்டு இல்லாமல் பேச்சின் நீட்டல் குறுக்கலோடு பாடும் இந்த முறையைப் பார்ட்டோக் ‘பார்லாண்டோ ருபாட்டோ’ என்று குறித்தார். பின்னால் வந்த புதிய பாணிப் பாடல்கள் இதற்கு எதிர். அவை நடைத்தாளம் கொண்டவை. முதல் வரியின் மெட்டே கடைசி வரியிலும் திரும்பி வரும். நடு வரிகள் பெரும்பாலும் மேல் ஸ்தாயியில் ஏறி நிற்கும். வளைவு போன்ற இந்த வடிவத்தை நினைவில் வையுங்கள், குவார்ட்டெட்டில் மறுபடி சந்திப்போம்.

சேகரித்ததை ஒப்பிட வேண்டுமானால் ஒரே அளவுகோல் வேண்டும். ஃபின்லாந்து அறிஞர் இல்மாரி க்ரோனின் முறையைத் தழுவி, எல்லாப் பாடல்களையும் கடைசிச் சுரம் ஜி ஆக வரும்படி இடம் மாற்றி எழுதினார். ஒவ்வொரு வரியும் எந்தச் சுரத்தில் முடிகிறது என்பதை எண்ணாகக் குறித்தார். அந்த எண்களை வைத்தே உறவுள்ள பாடல்கள் ஒரு தொகுதியில் சேரும். ஹங்கேரியப் பாடல்களோடு நிறுத்தவில்லை. ருமேனியப் பாடல்கள் மூவாயிரத்துக்கு மேல், ஸ்லோவாக்கியப் பாடல்களும் ஆயிரக்கணக்கில். 1913இல் அல்ஜீரியாவின் பிஸ்க்ராவுக்கும் 1936இல் துருக்கியின் அடானா பகுதிக்கும் போய்ப் பதிந்தார். முதல் உலகப் போருக்குப் பின் எல்லைகள் மாறி, அவர் அலைந்த ஊர்களில் பெரும்பகுதி வேறு நாடுகளுக்குப் போய்விட்டது. ருமேனிய இசையைப் பாராட்டி எழுதியதற்காகச் சொந்த நாட்டிலேயே தேசத்துரோகி என்ற வசையும் கேட்டார். அசையவில்லை. 1942இல் எழுதிய கட்டுரையில், இனங்கள் கலப்பதால் நாட்டுப்பாடல் கெடுவதில்லை, வளம்தான் பெறுகிறது என்று சான்றுகளோடு காட்டினார். ஐரோப்பாவில் இனத்தூய்மை பேசிய ஆட்சிகள் உச்சத்தில் இருந்த ஆண்டு அது.

இந்த மேசை வேலை எப்படி அவருடைய சொந்த இசையானது? அவரே மூன்று வழிகளைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். முதலாவது, நாட்டுப்பாட்டை மாற்றாமல் எடுத்துப் பின்னணி சேர்ப்பது. 1915இல் எழுதிய ‘ருமேனிய நாட்டு நடனங்கள்’ இவ்வகை. இரண்டாவது, நாட்டுப்பாட்டைப் போன்ற மெட்டைத் தானே அமைப்பது. 1908இன் ‘திரான்சில்வேனியாவில் மாலை’ என்ற சிறு பியானோ துண்டை நாட்டுப்பாட்டு என்றே பலர் நினைக்கிறார்கள். மெட்டு முழுக்க அவருடையது. மூன்றாவது வழியில் பாட்டும் இல்லை, பாட்டின் சாயலும் இல்லை. தாய்மொழியில் பேசுபவர் இலக்கணத்தை யோசிக்காததுபோல், நாட்டுப்பாட்டின் இலக்கணம் எழுதுபவரின் பேச்சாகவே ஆகியிருக்கும். குவார்ட்டெட்டுகள் இந்த மூன்றாம் வகை.

ஒத்திசைவை எடுத்துக்கொள்வோம். மேற்கத்திய மரபில் ஏழாம் சுரம் சேர்ந்த அடுக்கு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் சேர்க்கை) அமைதி பெறாதது. அடுத்த அடுக்குக்கு நகர்ந்து தீர வேண்டும். ஆனால் பழைய ஐஞ்சுரப் பாடல்களில் நிஷாதம் காந்தாரத்துக்கும் பஞ்சமத்துக்கும் சமமான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. மெட்டில் அது நிம்மதியாக நிற்க முடியுமானால் அடுக்கிலும் நிற்கலாம் என்பது பார்ட்டோக்கின் வாதம். அவருடைய துண்டுகள் சில ‘தீராத’ அடுக்கில் முடிவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது, கேட்பவர்களை அதிகம் திணறடிக்கும் அரைச்சுர மோதல்கள். நம் இசை தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கல்யாணியின் ஏழு சுரங்களை எழுதுங்கள். அதே ஷட்ஜத்தில் தோடியின் ஏழு சுரங்களை எழுதுங்கள். ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் பொது. மற்றவை எல்லாம் வேறு வேறு. இரண்டையும் சேர்த்தால் பன்னிரண்டு சுரஸ்தானங்களும் வந்துவிடும். மேற்கில் இவற்றுக்கு லிடியன், ஃப்ரிஜியன் என்று பெயர். 1943இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக உரைகளில் பார்ட்டோக் தன் முறையை இந்த எடுத்துக்காட்டோடுதான் விளக்கினார். ஒரே ஆதார சுரத்தின் மேல் இரண்டு வரிசைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஆதாரம் இல்லாத இசை என்று ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கோடு அவரைச் சேர்த்துப் பேசுவது அதனால் சரியில்லை. பார்ட்டோக்கில் ஷட்ஜம் எப்போதும் உண்டு. அதைக் கண்டுபிடித்துப் பற்றிக்கொண்டு கேட்டால் மோதல் வண்ணமாக மாறும்.

1911இல் முடித்த ஒரே ஓபெரா ‘நீலத்தாடியின் கோட்டை’யில் இது நாடகமாகவே நடக்கிறது. பாடுபவர்கள் இருவர்தான், நீளம் ஏறக்குறைய ஒரு மணி நேரம், ஏழு கதவுகள். இருட்டில் தாழ்ந்த தந்திகள் எஃப் ஷார்ப்பை ஆதாரமாக வைத்து ஐஞ்சுர மெட்டில் தொடங்குகின்றன. ஐந்தாம் கதவு திறந்து வெளிச்சம் பாயும்போது ஆர்கன் சேர்ந்த முழுக் குழுவும் சி மேஜரில் முழங்குகிறது. பன்னிரண்டு சுர வட்டத்தில் எஃப் ஷார்ப்புக்கு நேர் எதிரே இருப்பது சி. அதாவது இருளிலிருந்து போகக்கூடிய மிகத் தொலைவு. முடிவில் இசை மறுபடி எஃப் ஷார்ப்புக்கே திரும்புகிறது. ரத்தம் தென்படும் ஒவ்வோர் இடத்திலும் பக்கத்து அரைச்சுரங்கள் உரசும். பாட்டு வரிகள் ஹங்கேரிய மொழியின் இயல்பில் முதல் அசையை அழுத்தி நடக்கின்றன. போட்டிக்கு அனுப்பியபோது அரங்கேற்றத் தகாதது என்று தள்ளப்பட்டு, 1918இல்தான் மேடை கண்டது. பின்னர் எழுதிய ‘அற்புத மாண்டரின்’ என்ற மேடைப் படைப்பு 1926இல் கொலோன் நகரில் ஒரே ஒரு முறை நடந்தது. கதை ஒழுக்கக்கேடானது என்று மேயர் கோன்ராட் அடெனவர் தடை போட்டார். பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலர் ஆனவரும் அவரே.

தாளத்தில் அவருக்குக் கிடைத்த புதையல் பல்கேரியாவுடையது. ஒரு நிமிடத்துக்கு 300 முதல் 400 வரை விழும் மிக விரைவான சிற்றலகுகள் இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் சேர்கின்றன. ‘மிக்ரோகொஸ்மோஸ்’ என்ற 153 துண்டுகள் கொண்ட ஆறு பாகப் பியானோத் தொகுப்பின் கடைசி ஆறும் இவ்வகை நடனங்கள். 149ஆம் எண் 2+2+3. 150ஆம் எண் 2+3. 153ஆம் எண் 3+3+2. கண்ட சாபு, மிஸ்ர சாபு பழகிய கைக்கு இவை அந்நியமாக இருக்காது. மாணவர்கள் தவறுவது எப்போதும் ஒரே இடத்தில். 2+2+3ஐ மூன்று அடிகளாக உணர்ந்து, மூன்றாவதைக் கொஞ்சம் நீட்டி வாசிப்பார்கள். அப்படிச் செய்தால் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பது அடிக்கு அடி மாறி, நடனம் நொண்டும். முதலில் சிற்றலகுகள் ஏழையும் சமமாக எண்ணிப் பழகி, வேகம் ஏறிய பின்பே எண்ணுவதைக் கைவிட வேண்டும்.

இந்தத் தொகுப்பின் முதல் இரண்டு பாகங்களை இரண்டாம் மனைவி டிட்டாவுக்குப் பிறந்த மகன் பேட்டருக்கு அர்ப்பணித்தார். இரண்டு கையும் ஒரே மெட்டை வாசிப்பதில் தொடங்கி, கச்சேரி மேடைக்குரிய கடினம் வரை போகிறது. பார்ட்டோக்கை முரட்டுத்தனமாகப் பியானோவை இடிப்பவர் என்று நினைப்பவர்கள் அவரே வாசித்த பதிவுகளைக் கேட்க வேண்டும். மெட்டு பேசுகிறது, கை அடிப்பதே இல்லை.

இனி நான்காம் குவார்ட்டெட்டுக்குத் திரும்பலாம். 1928இல் எழுதியது, ஐந்து பகுதிகள். முதலாவதும் ஐந்தாவதும் ஒரே கருப்பொருள். இரண்டாவதும் நான்காவதும் ஒரே கருப்பொருள். ஆனால் இரண்டாவது முழுக்க ஒலியை அடக்கும் மியூட்டை வாத்தியத்தில் மாட்டி, வில்லால் மிக வேகமாக, நான்காவது முழுக்க விரலால் மீட்டி. நடுவில் மெதுவான மூன்றாம் பகுதியில் மற்ற மூவரும் ஓர் அடுக்கைப் பிடித்து நிற்க, செல்லோ தனியாகப் பேசுகிறது. கேட்ட மாத்திரத்தில் தெரியும், அது பார்லாண்டோ ருபாட்டோ. புதிய பாணிப் பாட்டின் வளைவு வடிவம் இங்கே முழு குவார்ட்டெட்டின் வடிவமாக விரிந்திருக்கிறது.

நான்காம் பகுதியில்தான் ‘பார்ட்டோக் பிஸிகாட்டோ’ என்று உலகம் அழைக்கும் சொடுக்கு வருகிறது. குறி ஒரு சிறு வட்டம், அதன் மேல் நின்ற கோடு. கம்பியை இரண்டு விரலால் பிடித்துப் பலகைக்குச் செங்குத்தாக மேலே தூக்கி விட வேண்டும். அது திரும்பி வந்து பலகையில் அறையும். பக்கவாட்டில் இழுத்தால் எவ்வளவு பலம் போட்டாலும் உரத்த மீட்டல்தான் வரும், சொடுக்கு வராது. அளவு மீறித் தூக்கினால் சுரம் காணாமல் போய் அறை மட்டும் கேட்கும், கம்பியின் சுருதியும் இறங்கிவிடும்.

அவருடைய உச்சம் என்று நான் சொல்வது 1936இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர இசைக்குழுவுக்காகப் பால் ஸாகர் கேட்டு எழுதிய ‘தந்திகள், தாளவாத்தியங்கள், செலஸ்டாவுக்கான இசை’. தந்திக்காரர்களை இரண்டு அணியாக மேடையின் இரு பக்கமும் உட்காரவைத்தார். முதல் பகுதியில் வியோலாக்கள் மியூட் மாட்டி, ஏ சுரத்திலிருந்து நெருக்கமான சுரங்களில் ஊரும் ஒரு மெட்டைத் தொடங்குகின்றன. அடுத்த அணி அதே மெட்டை ஒரு பஞ்சமம் மேலே எடுக்கிறது, அதற்கடுத்தது ஒரு பஞ்சமம் கீழே. இப்படி மேலும் கீழும் மாறி மாறி விலகிக்கொண்டே போகும் இரு பாதைகளும் வட்டத்தின் மறுபுறத்தில், ஏ சுரத்துக்கு நேர் எதிரான ஈ ஃபிளாட்டில் சந்திக்கும்போது முழு ஒலி வெடிக்கிறது. பிறகு மெட்டு தலைகீழாகி வந்த வழியே திரும்புகிறது. கடைசி மூன்று பார்களில் (தாள அளவுகளில்) இரு வயலின் அணிகள் கண்ணாடிப் பிம்பம்போல் ஒன்று மேலும் ஒன்று கீழுமாகப் போய், ஏ சுரத்தில் வந்து அடங்குகின்றன. இறுதிப் பகுதியில் இதே மெட்டு, நெருக்கம் தளர்ந்து, வாசஸ்பதியின் சுரங்களை ஒத்த விரிந்த வரிசையில் திரும்பி வருவது அந்தப் படைப்பின் மிக அழகிய தருணம்.

இந்த முதல் பகுதி ஃபிபொனாச்சி எண்களால் (முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் எண்வரிசை) கட்டப்பட்டது, 89 பார்களில் 55ஆவதில் உச்சம் என்று ஒரு கருத்து வெகுவாகப் பரவியிருக்கிறது. இசை ஆய்வாளர் எர்னோ லெண்ட்வாய் முன்வைத்தது. அச்சிட்ட பிரதியில் இருப்பவை 88 பார்கள். கையெழுத்துப் பிரதிகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த லாஸ்லோ ஷொம்ஃபாய்க்கு அப்படிக் கணக்குப் போட்ட தடயம் எதுவும் அவற்றில் கிடைக்கவில்லை. கவர்ச்சியான கருத்துதான். ஆனால் பார்ட்டோக்கைப் புரிந்துகொள்ளப் பஞ்சமங்களின் பாதையே போதும், எண் மந்திரம் தேவையில்லை.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பின் அவர் ஜெர்மனியில் வாசிக்கவில்லை. 1938இல் ஆஸ்திரியா விழுந்தபோது, இனம் கேட்டுப் படிவம் அனுப்பிய வியன்னா பதிப்பகத்தை விட்டு லண்டன் பதிப்பகத்துக்கு மாறினார். புடாபெஸ்டில் ஹிட்லர், முசோலினி பெயரில் இடங்கள் இருக்கும்வரை தன் பெயரை எந்தத் தெருவுக்கும் வைக்கக் கூடாது என்று உயிலில் எழுதினார். 1939 டிசம்பரில் தாய் இறந்த பிறகே நாட்டை விட மனம் வந்தது. 1940 அக்டோபரில் டிட்டாவோடு அமெரிக்கா புறப்பட்டார். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செர்போ-குரோவாசியப் பாடல் பதிவுகளை எழுதியெடுக்கும் வேலை கிடைத்தது. கச்சேரிகள் குறைந்தன. லுகேமியா உடலைத் தின்றுகொண்டிருந்தது.

1943இல் நண்பர்கள் யோஷெப் ஸிகெட்டியும் ஃப்ரிட்ஸ் ரைனரும் தூண்ட, பாஸ்டன் குழுவின் நடத்துநர் கூஸெவிட்ஸ்கி 1,000 டாலருக்கு ஒரு படைப்பு கேட்டார். அதன் விளைவு ‘வாத்தியக்குழுவுக்கான கான்செர்ட்டோ’, 1944 டிசம்பர் 1 அன்று பாஸ்டனில் அரங்கேறியது. புதியவர்கள் இங்கிருந்து தொடங்குவதே நல்லது, அதிலும் இரண்டாம் பகுதியிலிருந்து. ஜோடி ஜோடியாக வாத்தியங்கள் வருகின்றன: பஸூன்கள் ஆறாம் சுர இடைவெளியில், ஓபோக்கள் மூன்றாம் சுர இடைவெளியில், கிளாரினெட்டுகள் ஏழாம் சுர இடைவெளியில், புல்லாங்குழல்கள் ஐந்தாம் சுர இடைவெளியில், மியூட் மாட்டிய டிரம்பெட்டுகள் பக்கத்துச் சுரங்களில். ஒரே நடையில் இடைவெளி மட்டும் மாறினால் நிறம் எப்படி மாறுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் இல்லை. அச்சிட்ட பிரதியில் இதன் வேகம் நிமிடத்துக்கு 74 என்று தவறாக விழுந்து, பல ஆண்டுகள் உலகெங்கும் அப்படியே மெதுவாக வாசித்தார்கள். பார்ட்டோக்கிடம் படித்த ஜார்ஜ் ஷோல்டி கையெழுத்துப் பிரதியைச் சரிபார்த்தபோது அங்கே 94 என்று இருந்தது. பழைய பதிவு ஒன்றையும் திருத்திய வேகத்தில் ஒன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாவது உலா, இரண்டாவது விளையாட்டு.

கடைசிக் கோடையில் டிட்டாவின் பிறந்தநாளுக்காக மூன்றாம் பியானோ கான்செர்ட்டோவை எழுதிக்கொண்டிருந்தார், டிட்டா மேடையில் வாசித்துப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று. 1945 செப்டம்பர் 26 அன்று பார்ட்டோக் இறந்தபோது கடைசி 17 பார்களுக்கு மட்டும் வாத்தியப் பிரிப்பு (எந்த வாத்தியம் எதை வாசிக்கும் என்று எழுதுவது) மிச்சமிருந்தது. சுருக்கக் குறிகளைப் படித்து அவற்றை முடித்துக்கொடுத்தவர் நண்பர் திபோர் ஷெர்லி.